கணையாழியும் பெண்ணின் சொல்லும்

1

மோதிரம் எதன் சின்னம் என்று எமது மாணவரைக் கேட்டால், காதலின் சின்னம் என்று தயங்காமல் விடை எழுதுவர். பிரிவிலே தேறுதல் தரும் பொருள், அழியாத அன்பின் அடையாளம் என்று மேலும் இரண்டு வரிகளைச் சேர்ப்பர். அவ்விடை அவர்களாகக் கண்டதன்று. ஆசிரியர்களாகிய நாம் சொல்லிக்கொடுத்தது. எமக்கு எமது ஆசிரியர்கள் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லி வருகிறோம். சின்னம் என்று ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்ற மயக்கம் எமது இலக்கியக் கல்வியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஒருநாள் வகுப்பிலே சகுந்தலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். மோதிரம் தொலைந்தது, அரசன் அவளை அறியேன் என்றான் என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு மாணவி எழுந்து, "மோதிரம் இல்லாட்டி அவ சொல்லுறதை ஏன் சேர் நம்பேல்லை?" என்று கேட்டாள். துருவாசரின் சாபத்தை விடையாகக் கூறி அவளை இருத்தினோம். அவள் இருந்தாள், கேள்வி இருக்கவில்லை. அதே ஆண்டில் அச்சுவேலியில் எமக்குத் தெரிந்த ஒரு வீட்டிலே ஒரு பழைய மோதிரத்தின் கதி அக்கேள்வியை மீண்டும் எம்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அம்மோதிரத்தைப் பற்றிப் பின்னர் கூறுவோம். முதலில் காப்பிய மோதிரங்களைப் பார்ப்போம்.

2

சகுந்தலையின் கதை காளிதாசன் படைத்த கதையன்று. அது மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே இருக்கிறது. அங்கே மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை. மகனைக் கைப்பிடித்துக்கொண்டு அரசவைக்கு வரும் சகுந்தலையைத் துஷ்யந்தன் நன்றாகவே அறிகிறான். அறிந்தும் அறியேன் என்கிறான். அவள் அழுது மயங்கி விழுபவள் அல்லள். அறத்தையும் மனைவியின் உரிமையையும் மகனின் உரிமையையும் எடுத்துச்சொல்லி, அரசனின் பொய்யை அவன் அவையிலேயே நீண்டநேரம் கண்டிக்கிறாள். இறுதியில் வானொலி ஒன்று அவள் சொன்னதே மெய் என்கிறது. அதன் பின்னரே, ஊரார் ஐயுறாதிருக்கவே அவ்வாறு நடந்துகொண்டேன் என்று அரசன் சமாதானம் கூறுகிறான்.

காளிதாசன் இக்கதையை நாடகமாக்கியபோது இரண்டு புதிய பொருள்களைப் புகுத்தினான்: ஒன்று சாபம், மற்றது மோதிரம். சாபம் புகுந்ததும் அரசனின் குற்றம் கரைந்துவிட்டது. அவன் பொய்யன் அல்லன், மறந்தவன். மறந்ததும் தன் பிழையால் அன்று, ஒரு முனிவரின் கோபத்தால். மோதிரம் புகுந்ததும் பெண்ணின் வாதம் மெலிந்துவிட்டது. அவள் இனி அறத்தைக் காட்டி வழக்காட வேண்டியதில்லை. விரலைக் காட்ட வேண்டும். விரலில் மோதிரம் இல்லை. ஆகவே வழக்கும் இல்லை. ரோமிலா தாப்பர் 1999இல் வெளியிட்ட சகுந்தலை பற்றிய ஆய்வு நூலில், இவ்விரு சகுந்தலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வரலாற்று நோக்கில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பிலே நாடகத்தைப் படித்து அதன் அழகில் திளைத்த தமிழ் வாசகரும், இத்தூரத்தை அறிந்து மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

காளிதாசனின் கவித்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உண்மையில் மோதிரத்தின் பொருளை அவனே மற்றொரு காட்சியில் போட்டு உடைத்திருக்கிறான். ஆறாம் அங்கத்தின் தொடக்கத்திலே ஒரு மீனவன் வருகிறான். மீனின் வயிற்றிலே கிடைத்த மோதிரத்தை விற்க முயன்றமைக்காகக் காவலர் அவன் கைகளைக் கட்டி, அடித்து, இழுத்து வருகின்றனர். அவன் உண்மையைச் சொல்கிறான். அவன் தொழிலை இகழ்ந்து நகைக்கின்றனர். கொல்வதற்கு ஆயத்தமாகவே நிற்கின்றனர். அரசன் மோதிரத்தை ஏற்றுக்கொண்டு அதன் விலைக்கு ஈடான பொருளை அளித்த பின்னரே மீனவன் மனிதனாகிறான். அப்பொருளிலும் பாதியைக் காவலருக்குக் கொடுக்கிறான். யாவரும் கள்ளுக்கடைக்குப் போகின்றனர். ஆசிரமத்துப் பெண்ணின் கையிலே மோதிரம் இல்லாவிடின் அவள் பொய்காரி. மீன்பிடிப்பவனின் கையிலே மோதிரம் இருந்தால் அவன் கள்வன். ஒரே மோதிரம், ஒரே நீதி. சொல்லுக்கு மதிப்பில்லாத இருவர் அந்நீதியின் முன் நிற்கின்றனர். இக்காட்சியைச் சிரிப்புக்காக வைத்தது என்று கூறிக் கடந்து செல்வது எமது வகுப்பறைகளின் வழக்கம்.

3

இனிக் கம்பனின் கணையாழி. சுந்தரகாண்டத்திலே அசோகவனத்துச் சீதையிடம் அனுமன் இராமனின் மோதிரத்தைக் கொடுக்கும் இடம் தமிழ்க் கவிதையின் சிகரங்களுள் ஒன்று. இழந்த உயிரைத் திரும்பப் பெற்றவள் போல் அவள் மகிழ்வதைக் கம்பன் பாடல் பாடலாக அடுக்கிச் செல்கிறான். அதைப் படித்து உருகாதவர் இல்லை, நாமும் உருகியவர்களே. ஆயினும் விமர்சகனின் கடமை உருகுவதோடு நிறைவுறுவதன்று.

அக்காட்சியில் நடப்பது என்ன? முன்பின் அறியாத ஒருவன் கொண்டுவந்த மோதிரத்தைக் கண்டு சீதை கணவனை முழுமையாக நம்புகிறாள். பதிலுக்குத் தன் சூடாமணியைக் கொடுத்தனுப்புகிறாள். இராமன் அதைக் கண்டு, அவள் உயிரோடிருக்கிறாள் என்று நம்புகிறான். இதுவரை இருவரும் சமமே. ஆனால் போர் முடிந்து, மீட்சிப் படலத்திலே அவள் நேரில் வந்து நிற்கும்போது சூடாமணி எதற்கும் சாட்சியாகவில்லை. அவள் சொல்லும் சாட்சியாகவில்லை. தீயே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. கணவனின் நேர்மைக்கு ஒரு மோதிரம் போதும். மனைவியின் நேர்மைக்கு நகையும் போதாது, நாவும் போதாது, உடலையே நெருப்பில் இடவேண்டும்! கணையாழியைக் காதலின் சின்னம் என்று எழுதும் மாணவன் காப்பியத்தின் பாதியையே படித்திருக்கிறான். மறுபாதியைச் சேர்த்துப் படித்தால், நிலவுடைமைச் சமுதாயத்திலே நம்பிக்கை எத்திசையில் பாய்ந்தது என்பதன் அளவுகோலாக அது மாறிவிடுகிறது.

4

இவ்விரண்டோடும் ஒப்பிடுகையில் சிலப்பதிகாரம் வேறொரு வழியிற் செல்கிறது. அங்கே விரலணி இல்லை, காலணி இருக்கிறது. ஆனால் அதனுள் இருப்பது எமது பொருளாகிய மாணிக்கமே.

ஊர்காண் காதையிலே கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். அந்நகரின் மணிக்கடை வீதியை இளங்கோ வருணிக்கும் துல்லியம் வியப்பைத் தருவது. வைரத்துக்கு நால்வகைக் குற்றங்கள் கூறப்படுகின்றன: காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இக்குற்றங்கள் நீங்கிய வைரத்தையும் ஏனைய மணிகளையும் வகை பிரித்து அறிந்த வணிகர் வாழும் வீதி அது. இவ்வருணனையை வெறும் நகர் வளம் என்று உரையாசிரிய மனப்பான்மையோடு விட்டுவிடலாகாது. கல்லின் குற்றத்தை நான்காகப் பகுத்து ஆராயத் தெரிந்த அந்த நகரமே, மனிதன் ஒருவனின் குற்றத்தை ஒருமுறைகூட ஆராயாமல் அவனை வெட்டி வீழ்த்துகிறது. பொற்கொல்லன் சொன்னான், அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்திலிருந்த அரசன் ஆணையிட்டான். கொல்ல வந்த காவலருள்ளேயே இவன் முகம் கள்வன் முகமன்று என்று தயக்கம் எழுந்தது. அத்தயக்கம் வாளைத் தடுக்கவில்லை. காளிதாசனின் மீனவன் தப்பினான், கோவலன் தப்பவில்லை. இருவர் மீதும் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றே: வறியவன் கையில் அரண்மனை நகை.

பின்பு கண்ணகி வருகிறாள். சகுந்தலையைப் போல் நினைவூட்டவில்லை. சீதையைப் போல் தன்னை எரித்துக் காட்டவுமில்லை. அரசனின் சிலம்பிலே முத்து, தன் சிலம்பிலே மாணிக்கம் என்று கூறி, சிலம்பை உடைக்கிறாள். மணி அரசனின் முகத்திலே தெறிக்கிறது. முத்து கொற்கையை ஆண்ட பாண்டியரின் செல்வம், அவர்களுடைய ஆட்சியின் பெருமை. மாணிக்கம் புகார் வணிகன் வீட்டுச் சொத்து. சிலப்பதிகாரத்தின் பின்னணியிலே வணிக வர்க்கத்தின் எழுச்சியைக் கண்ட தொ. மு. சி. ரகுநாதன் போன்றோரின் ஆய்வுகளை இங்கு நினைவுகூர்தல் தகும். அரச அதிகாரத்தின் நகையும் வணிகச் செல்வத்தின் நகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. உடைத்தபோதே வேறுபாடு தெரிந்தது. நகையை அணியும்வரை அது அலங்காரம். உடைத்தபின் அது சான்று. இளங்கோவின் மேதை இங்கே ஒளிர்கிறது.

ஆயினும் இளங்கோவின் எல்லையையும் நாம் மறைக்கக்கூடாது. கண்ணகியும் வென்றது சொல்லால் மட்டுமன்று, மாணிக்கத்தால். அவளுக்கும் கோவலனுக்கும் அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரியின் கணவன் இவ்வாறு கொல்லப்பட்டிருந்தால், அவள் எதை உடைத்துக் காட்டியிருப்பாள்? மோர்ப்பானையையா? சான்று சொல்லவும் சொத்து வேண்டும் என்ற நிலையிலிருந்து எமது மகத்தான காப்பியமும் முற்றாக விடுபடவில்லை. இதைச் சொல்வதால் சிலப்பதிகாரம் சிறுமைப்படாது. அதைப் படிக்கும் நாம் சற்று வளர்வோம்.

5

இனி அச்சுவேலி மோதிரம்.

அதற்குரிய ஆச்சி எண்பதைக் கடந்தவர். அவருடைய தகப்பனார் மலாயாவிலே புகையிரதப் பகுதியிற் கிளாக்கராக இருந்தவர். வலிகாமத்துச் செம்மண்ணிற் பிறந்து, ஆங்கிலம் படித்து, கப்பலேறி, மாதாமாதம் பணம் அனுப்பி, இறுதியில் பென்சனோடு திரும்பிய அந்தத் தலைமுறையை யாழ்ப்பாணம் நன்கறியும். அவர் 1920களில் வாங்கி வந்த மோதிரம் அது: நடுவிலே ஒரு சிவப்புக் கல், சுற்றிலும் சிறிய வைரங்கள். பர்மாக் கல் என்று ஊரிற் பெயர். தாயிடமிருந்து சீதனமாக ஆச்சிக்கு வந்தது. தம்பியின் படிப்புக்காகப் பலமுறை ஈடு வைக்கப்பட்டு மீட்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கிய அந்த இரவிலே சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுசெல்லப்பட்டது.

நகை மீது எமது பெண்களுக்கு ஏன் இத்தனை பற்று என்று எள்ளி நகையாடும் முற்போக்காளர் சிலர் உளர். அவர்கள் சட்டத்தைப் படிப்பதில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை பெண்ணுக்குச் சீதனச் சொத்தை அளித்தது. ஆனால் யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமை, வழியுரிமை பற்றி 1911இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின்படி, அவள் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அசையும் பொருளுக்கு அது வேண்டியதில்லை. எனவே காணி அவளுடையது என்பது பேச்சு. நகையே அவள் கையெழுத்தொன்றால் நகரக்கூடிய சொத்து. ஆபத்துக் காலத்திலே எவருடைய அனுமதியுமின்றி அவள் செய்யக்கூடிய ஒரே பொருளாதாரச் செயல் நகையை விற்பதோ ஈடு வைப்பதோ ஆகும். அப்பற்று பேராசையால் வந்ததன்று. உரிமையின் குறுக்கத்தால் வந்தது.

ஆச்சியின் பேர்த்தி எமது பழைய மாணவி. அவளுக்குக் கலியாணம் பேசியபோது, பேச்சிலே அம்மோதிரமும் எண்ணப்பட்டது. மதிப்பிடுவதற்காக நகரத்து நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர்; துணைக்கு நாமும் சென்றோம். பெரிதாக்கிக் காட்டும் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தவர், வைரங்கள் உண்மையானவை, ஆனால் மிகச் சிறியவை என்றார். சிவப்புக் கல்லின் உள்ளே வளைந்த கோடுகளும் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் தெரிகின்றன. ஆகவே அது மண்ணில் விளைந்ததன்று, தொழிற்சாலையிற் செய்தது என்றார். விலை என்று அவர் சொன்ன தொகை பேச்சுக்காரர் எதிர்பார்த்ததில் ஒரு சிறுபகுதி.

இதிலே வியப்பில்லை. பிரெஞ்சு இரசாயன அறிஞர் ஒகுஸ்ட் வேர்னோய் 1902இல் தமது முறையை வெளியிட்டார். அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைச் சிறிதளவு குரோமியத்தோடு சேர்த்து, ஒட்சிசனும் ஐதரசனும் எரியும் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகத் திரளச் செய்தால் மாணிக்கம் பிறக்கிறது. இது கண்ணாடியன்று, போலியுமன்று. இயற்கை மாணிக்கமும் அலுமினியம் ஒட்சைட்டே. அதன் சிவப்பும் குரோமியத்தின் சிவப்பே. உலகெங்கும் அக்கனியத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் எமது 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒரே குருந்தம். ஒன்றை மண் செய்தது. மற்றொன்றை மனிதன் செய்தான். அக்காலத்து மோதிரங்கள் பலவற்றிலே உண்மை வைரங்களோடு இத்தகைய மாணிக்கங்களும் பதிக்கப்பட்டன.

அதன் விளைவு என்ன? மேற் பர்மாவை 1886இல் தன் பேரரசோடு இணைத்துக்கொண்ட பிரித்தானியா, மொகோக் மாணிக்கச் சுரங்கங்களை 1889இல் இலண்டனில் உருவான ஒரு கம்பனியிடம் கொடுத்தது. ஆலைக் கற்கள் சந்தையை நிறைத்தபின் மாணிக்கத்தின் விலை தளர்ந்தது. 1925இல் அக்கம்பனி கலைப்பு நிலைக்கு வந்தது. வைர முதலாளிகள் வேறு வழி கண்டனர். 1888இல் நிறுவப்பட்ட டி பியர்ஸ் நிறுவனம் தென்னாபிரிக்க வைரத்தின் உற்பத்தியையும் விற்பனையையும் தன் பிடியில் வைத்து விலை சரியாமற் பார்த்துக்கொண்டது. 1947இல், வைரம் என்றென்றைக்கும் உரியது என்று பொருள்படும் விளம்பரத்தால், திருமண நிச்சயத்துக்கு வைர மோதிரம் இன்றியமையாதது என்ற நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியது. அழியாக் காதலின் சின்னம் என்று எமது மாணவர் எழுதும் விடையிலே காளிதாசனும் கம்பனும் மட்டுமல்ல, ஒரு வியாபார நிறுவனமும் ஒளிந்திருக்கிறது.

பண்டத்தின் மதிப்பு பண்டத்தின் உடலுக்குள் இல்லை, மனிதருக்கிடையேயுள்ள உறவிலே இருக்கிறது என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனத்தின்' முதல் அத்தியாயத்திலேயே நிறுவினார். அதற்கு அவர் கையாண்ட உதாரணங்களுள் முத்தும் வைரமும் உண்டு. எமக்கு எளிதில் விளங்கும் உதாரணமும் ஒன்றுண்டு. பிரித்தானிய முடியின் முகப்பிலே பதிக்கப்பட்டிருக்கும் புகழ்பெற்ற 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' உண்மையில் மாணிக்கமன்று; ஸ்பினல் என்ற வேறொரு கல். அது தெரிந்த பின்னும் அதன் மதிப்பு ஒரு சதமும் குறையவில்லை, பெயரும் மாறவில்லை. அரச முடியிலே வேறு கல்லும் மாணிக்கமாகிறது. அச்சுவேலி ஆச்சியின் விரலிலே மாணிக்கமும் பொய்க்கல்லாகிறது. கொற்கை முத்தும் புகார் மாணிக்கமும் கற்பித்த பாடத்தின் தொடர்ச்சி இதுவன்றோ?

மண்ணில் விளைந்த மாணிக்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்டால், அரிது என்பர். அரிதானதைத் தேடுபவர் யார்? எமது நாட்டின் இரத்தினபுரியிலே மரச்சட்டங்கள் தாங்கும் குழிக்குள் இறங்கி, 'இல்லம்' என்று அவர்கள் கூறும் சரளைப் படையை வெட்டி, மேலே ஏற்றி, கூடையிலிட்டுத் தண்ணீரில் அலசுபவர் உழைப்பாளர். கல் கிடைத்தால் காணிக்காரருக்கு ஒரு பங்கு, பணம் போட்டவருக்கு ஒரு பங்கு, நீரிறைக்கும் பொறிக்காரருக்கு ஒரு பங்கு; எஞ்சியதே குழியில் இறங்கியவர்களுக்கு. கிடைக்காவிட்டால் உண்ட சோறே மிச்சம். இலங்கை மன்னனிடம் ஒரு சாண் நீள மாணிக்கம் இருந்ததாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினான். குப்ளாய்க் கான் ஒரு நகரையே விலையாகக் கொடுக்க முன்வந்தும் மன்னன் மறுத்தானாம். அதைத் தோண்டி எடுத்தவனைப் பற்றி அவன் எழுதவில்லை. எமது புலவர்களும் எழுதவில்லை.

6

நகைக்கடையிலிருந்து திரும்பிய மாலை அவ்வீட்டு விறாந்தையிலே பெரியவர்கள் கூடிப் பேசினர். மோதிரம் கணக்கிலிருந்து நீங்கியதால் அதற்கு ஈடாக எவ்வளவு காசு சேர்ப்பது என்பதே பேச்சு. உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பேர்த்தியிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா, கல்வியைத் தொடர விருப்பமா, இக்கலியாணம் வேண்டுமா என்ற கேள்விகளுக்கு அவளுடைய ஒரு சொல் போதும். அந்தச் சொல்லே அங்கே வேண்டப்படவில்லை.

ஆச்சி மட்டும் மோதிரத்தை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு, "கல்லுப் பொய்யெண்டாப் போகட்டும். ஐயா மூண்டு வருசமா மிச்சம் பிடிச்சு வாங்கினது, அதுவும் பொய்யோ?" என்று கேட்டார். பதில் சொல்வார் இல்லை. பின்பு அவர் உட்புறம் திரும்பி, "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?" என்றார். விறாந்தை சிறிது நேரம் அமைதியாயிற்று. அவள் படித்து முடித்த பின்னரே கலியாணம் என்று சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. பேச்சு இன்னும் முடியவில்லை. மாமன்மார் அவளை இணங்க வைக்க முயன்றுகொண்டிருக்கின்றனர். ஆனால் அவள் சொன்னது சொன்னதாக நிற்கிறது.

இவ்வளவையும் கண்ட பின்னர், மோதிரம் காதலின் சின்னம் என்று கரும்பலகையில் எழுத எமது கை கூசுகிறது. அது காதலின் சின்னமாகவும் இருக்கலாம். மலாயாக் கிளாக்கரின் மூன்று வருட மிச்சம் அன்பின்றி வேறென்ன? ஆனால் எவர் கையிலிருந்தால் சின்னம், எவர் கையிலிருந்தால் களவு, எவர் கையில் இல்லாவிட்டால் அவமானம் என்பதை வரையறுக்கும் சமுதாயத்தை மறைத்துவிட்டு இலக்கியம் கற்பிப்பது, மாணிக்கத்தைக் காட்டிக் குழியை மறைப்பதற்கு ஒப்பானது.

ஆசிரியத் தோழர்களே, அடுத்தமுறை கணையாழிப் பாடல்களைக் கற்பிக்கும்போது கம்பனின் நயத்தைக் குறைவின்றிச் சொல்வோம். பின்பு மீட்சிப் படலத்தையும் திறப்போம். சகுந்தலையின் மோதிரம் தொலைந்த இடத்திலே, மோதிரமே இல்லாத மகாபாரதச் சகுந்தலையையும் வகுப்புக்கு அழைத்து வருவோம். மீனவனை நகைச்சுவைப் பாத்திரம் என்று ஒதுக்காமல் அவன் முதுகில் விழுந்த அடியைக் கணக்கிடுவோம். எம்மைக் கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு நாம் கொடுத்த விடை பிழையானது. வரும் தவணையில் வகுப்பு தொடங்கும்போது அதை அவளிடம் ஒப்புக்கொண்டு, அவள் கேள்வியிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்க எண்ணியிருக்கிறோம்.